தலைமுடிக்குக் கொட்டும் பணம் எங்கே போகிறது? 1988-லேயே நின்றுபோன ஒரு பாட்டிலின் கதை!

சலூனில் முடி வெட்டி முடித்ததும், பின்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவார்கள் இல்லையா? பல வருஷமாக நான் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. ‘ஓகேண்ணா’ என்று தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவேன். போன வருஷம் ஒருநாள் பார்த்துவிட்டேன். உச்சந்தலையில், சுழி இருக்கும் இடத்தில், ட்யூப்லைட் வெளிச்சம் நேராகத் தோலில் பட்டுப் பளிச்சிட்டது. எனக்கு வயது 26.

அன்று இரவு போனில் ஒரே ஒருமுறைதான் தேடினேன். அதன்பிறகு போன் என்னை விடவில்லை. எந்த ரீலைத் தள்ளினாலும் அடுத்தது முடி விளம்பரம். ஓர் ஆப்பில் இலவச ‘ஹேர் டெஸ்ட்’ இருந்தது. தூக்கம் எப்படி, பொடுகு உண்டா, அப்பாவுக்கு வழுக்கையா என்று வரிசையாகக் கேள்விகள். கடைசியில் உச்சந்தலையை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அரை நிமிடத்தில் முடிவு வந்தது: நான் இரண்டாம் கட்டத்தில் இருக்கிறேனாம், ஐந்து மாதம் கிட் வாங்கினால் போதுமாம். முதல் மாதத்துக்கு 2,900 ரூபாய் கட்டினேன். வீட்டில் சொல்லவில்லை.

பெட்டியில் ஆறு பொருள்கள். ஷாம்பு, எண்ணெய், சீரம், மூலிகை மாத்திரை, மிட்டாய் மாதிரி மெல்லும் பயோட்டின், மினாக்ஸிடில் பாட்டில். அத்தனையையும் பையில் போட்டுக்கொண்டு ஒரு தோல் மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். இதில் எதற்கு ஆதாரம் இருக்கிறது என்று கேட்டதும், அவர் ஐந்தை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மினாக்ஸிடில் பாட்டிலை மட்டும் என் பக்கம் நகர்த்தினார்.

அந்த பாட்டிலின் வரலாற்றைத் தேடியபோதுதான் இந்தக் கட்டுரை ஆரம்பமானது. முடி வளர்க்கும் மருந்தாக அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 1988-ல். அம்மா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். உலகம் முழுக்க இத்தனை பேர் முடிக்காகக் கவலைப்படுகிறோம், காசு கொடுக்கவும் தயாராக இருக்கிறோம். அப்படியிருந்தும் என் கைக்கு வந்த சிகிச்சை அம்மா காலத்து சிகிச்சை!

பிரஷர் மாத்திரையில் முளைத்த முடி

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்திலுள்ள அப்ஜான் நிறுவனம் மினாக்ஸிடிலைத் தயாரித்தது ரத்த அழுத்தத்துக்காக. ரத்தக் குழாய்களை விரிக்கும் மாத்திரை அது. சோதனையில் சாப்பிட்டவர்களுக்கு பிரஷர் குறைந்தது. கூடவே நெற்றியிலும் கையிலும் முடி வளர்ந்தது. 1970-களின் தொடக்கத்தில் குந்தர் கான் என்ற தோல் மருத்துவரும் பால் கிராண்ட் என்ற இளம் மருத்துவரும் அதைக் கரைசலாக்கித் தங்கள் உடம்பிலேயே தடவிப் பார்த்தார்கள். தடவிய இடத்தில் முடி வந்தது. நிறுவனமோ பிரஷர் மாத்திரையிலேயே குறியாக இருந்தது. 1979-ல் மாத்திரைக்கு அனுமதி, 1988-ல்தான் தலையில் தடவும் மருந்துக்கு.

பெயர் வைத்ததிலும் ஒரு கதை உண்டு. ‘ரிகெய்ன்’ என்று வைக்க நினைத்தார்கள். இழந்ததைத் திரும்பப் பெறுவது என்ற அர்த்தம் அதில் வருகிறது, மக்கள் அதிகம் எதிர்பார்த்து ஏமாறுவார்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புக்கொள்ளவில்லை. ‘ரொகெய்ன்’ ஆனது. ஒரு பெயருக்கே அவ்வளவு யோசித்தவர்கள் இன்றைய ரீல்ஸைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ!

இரண்டாவது மருந்து ஃபினாஸ்டிரைடு. டொமினிக்கன் குடியரசில் ஒரு கிராமப்பகுதியில், பிறக்கும்போது பெண் குழந்தைபோலத் தோன்றி, பருவ வயதில் ஆணாக மாறும் சிலர் இருந்தார்கள். ஜூலியானே இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற மருத்துவரின் குழு அவர்களை ஆராய்ந்து 1974-ல் வெளியிட்டது. டெஸ்டோஸ்டிரோனை டி.ஹெச்.டி. என்ற வீரியமான ஹார்மோனாக மாற்றும் நொதி அவர்களிடம் குறைவு. பெரியவர்களான பிறகும் அவர்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது. ஆண்களுக்கு வரும் வழுக்கையும் வரவில்லை. மெர்க் நிறுவனம் இதைப் பிடித்துக்கொண்டு அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரையைச் செய்தது. முதலில் எதற்கு? புராஸ்டேட் வீக்கத்துக்கு, 1992-ல். அதே மருந்து குறைந்த அளவில், 1 மில்லிகிராம் மாத்திரையாக, வழுக்கைக்கு வந்தது 1997-ல்.

அவ்வளவுதான். பரம்பரையாக வரும் சாதாரண வழுக்கைக்கு 1997-க்குப் பிறகு எஃப்.டி.ஏ. புதிய மருந்து எதற்கும் அனுமதி கொடுக்காமலேயே கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. தென்கொரியாவும் ஜப்பானும் டுடாஸ்டிரைடு என்ற மாத்திரையை அனுமதித்தன. அதுவும் புராஸ்டேட்டுக்காகப் பிறந்ததுதான். பிரஷரில் மிஞ்சியது ஒன்று, புராஸ்டேட்டில் மிஞ்சியது இரண்டு. முடிக்கென்றே தேடிக் கண்டுபிடித்த மருந்து என்று எதையும் காட்ட முடியவில்லை.

பில் கேட்ஸ் சொன்னது சரியா?

2013 மார்ச்சில் லண்டனில் நடந்த ஒரு பொறியியல் மாநாட்டில் பில் கேட்ஸ் இதைப் பற்றிப் பேசினார். மலேரியா தடுப்பூசிதான் மனிதகுலத்தின் பெரிய தேவை, ஆனால் ஆண்களின் வழுக்கைக்குத்தான் பல மடங்கு ஆராய்ச்சிப் பணம் போகிறது, சந்தையில் யாருக்குக் குரல் இருக்கிறதோ அவர்கள் பக்கமே பணம் சாய்கிறது என்பது அவர் பேச்சின் சாரம்.

அவர் ஆதங்கம் நியாயமானது. மலேரியாவில் குழந்தைகள் சாகிறார்கள், வழுக்கையால் யாரும் சாவதில்லை. ஆனால், எனக்கு ஒரு கேள்வி. அவ்வளவு பணம் ஆராய்ச்சிக்கு வந்திருந்தால் மருந்து எங்கே? நாம் செலவழிப்பது உண்மை. அதில் பெரும்பகுதி ஷாம்புவுக்கும், எண்ணெய்க்கும், விக்குக்கும், முடி நடுவதற்கும், அவற்றின் விளம்பரத்துக்கும் போகிறது. விற்பதற்குச் செலவிடும் பணமும் கண்டுபிடிப்பதற்குச் செலவிடும் பணமும் ஒன்றல்ல.

ஆராய்ச்சி செய்யாமலேயே விற்க முடியும் என்பதுதான் இதில் வேடிக்கை. எங்கள் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. அக்காவுக்குக் குழந்தை பிறந்து மூன்றாவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. குளியலறை ஜல்லடையைப் பார்த்து அழுதிருக்கிறாள். ஒவ்வொன்றாக நான்கு எண்ணெய் மாற்றினாள். நான்காவது எண்ணெய் தேய்க்கும்போது கொட்டுவது நின்று புது முடி வர ஆரம்பித்தது. இன்றுவரை கர்ப்பமாக இருக்கும் தோழிகள் எல்லோருக்கும் அந்த எண்ணெயைத்தான் சிபாரிசு செய்துகொண்டிருக்கிறாள்.

நடந்தது இதுதான். நம் தலையில் சுமாராக ஒரு லட்சம் முடிகள். ஒவ்வொன்றும் சில வருடங்கள் வளர்ந்து, இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுத்து, பிறகு உதிரும். தினமும் 50 முதல் 100 உதிர்வது இயல்பு. பிரசவம், டெங்கு, கோவிட் மாதிரியான கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பட்டினி டயட் போன்றவற்றுக்குப் பிறகு ஏராளமான முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டும். வேர்க்கால் சாகவில்லை என்பதால் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே நின்று, முடி திரும்ப வளரும். அந்த நேரத்தில் கையில் எந்த பாட்டில் இருக்கிறதோ அதற்குப் பேர் போய்விடுகிறது. இப்படி இலவசமாகக் கிடைக்கும் வெற்றிக் கதைகள் இருக்கும்போது, கோடிகளைக் கொட்டி ஆய்வு செய்ய எந்த எண்ணெய்க் கம்பெனிக்கு அவசரம்?

சட்டம் இல்லாமலில்லை. இந்திய மருந்துகள் மற்றும் அழகுசாதன விதிகளில் ‘ஷெட்யூல் ஜே’ என்று ஒரு பட்டியல் உண்டு. இன்னின்ன நோய்களைக் குணமாக்கும் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்கிற பட்டியல். புற்றுநோய், எய்ட்ஸோடு வழுக்கையும் அதில் இருக்கிறது; புதிய முடி வளர்வதும் இருக்கிறது. ஷாம்பு விளம்பரத்தில் ‘முடி உதிர்வு குறையும்’ என்ற பெரிய எழுத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு, கீழே பொடி எழுத்தில் ‘முடி உடைவதால் ஏற்படும் உதிர்வு’ என்று போட்டிருப்பார்கள். அடுத்தமுறை நிறுத்திப் படித்துப் பாருங்கள். வேரோடு விழும் முடிக்கும் அந்த வாக்கியத்துக்கும் சம்பந்தமில்லை.

எலிக்கு வழுக்கை விழாது

ஆய்வு செய்ய முன்வந்தவர்களும் நிறைய அடிபட்டிருக்கிறார்கள். முதல் சிக்கல் எலி. ‘எலியில் முடி வளர்ந்தது’ என்று சில மாதங்களுக்கு ஒருமுறை செய்தி வரும் (நாங்களும் போடுவோம், ஒப்புக்கொள்கிறேன்). எலிக்கு நம்மைப்போலப் பரம்பரை வழுக்கை வராது. அதன் முடி வளரும் சுழற்சியும் வேறு. சவரம் செய்த எலி முதுகில் முடி வரவைப்பதும், இருபது வருடமாகச் சுருங்கிப்போன மனித வேர்க்காலை எழுப்புவதும் ஒன்றல்ல.

2012-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் கொட்சரேலிஸ் குழு, வழுக்கைப் பகுதியில் பி.ஜி.டி.2 என்ற ரசாயனம் அதிகம் இருப்பதாகக் கண்டுபிடித்தது. உலகமே பரபரத்தது. அதைத் தடுக்கும் செட்டிபிப்ரண்ட் என்ற மாத்திரையை மனிதர்களிடம் சோதித்தபோது வெறும் டம்மி மாத்திரையைத் தாண்டவில்லை. அந்த மாத்திரையும் ஒவ்வாமை நோய்க்காக உருவானதுதான்! முடி வேர் செல்களை ஆய்வகத்தில் பெருக்கித் தலையில் ஊசியாகப் போடும் முயற்சியில் ஜப்பானின் விக் நிறுவனமான அடெரான்ஸ் பல வருடம் இறங்கிப் பார்த்தது. 2013-ல் அந்த ஆராய்ச்சிப் பிரிவை இழுத்து மூடியது.

இரண்டாவது சிக்கல் நேரம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க ஆறு மாதம், ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். ஃபினாஸ்டிரைடு சோதனையில் உச்சந்தலையில் ஓர் அங்குல விட்டமுள்ள வட்டம் வரைந்து, போட்டோ எடுத்து, முடிகளை எண்ணினார்கள். சராசரியாக 876 முடிகள் இருந்த இடத்தில், ஒரு வருடம் கழித்து டம்மி மருந்து சாப்பிட்டவர்களைவிட 107 முடிகள் கூடுதல். விளம்பரத்தில் வரும் ‘முன்’, ‘பின்’ போட்டோக்களோடு இந்த 107-ஐ ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. வழுக்கை விழுந்தவர் நோயாளி அல்ல. புற்றுநோய்க்கான மருந்தில் பொறுத்துக்கொள்ளும் பக்கவிளைவை இங்கே பொறுத்துக்கொள்ள முடியாது, கூடாது. ஃபினாஸ்டிரைடு சிலருக்குத் தாம்பத்தியப் பிரச்னைகளைத் தருகிறது. தற்கொலை எண்ணமும் அதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்பதை ஐரோப்பிய மருந்துகள் முகமை 2025 மே மாதம் உறுதிசெய்தது. ஆன்லைனில் ஒரு கேள்வித்தாளை நிரப்பி வாங்கும் மாத்திரையாக இது இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் மருத்துவரைப் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

புழுவெட்டு காட்டிய வழி

பணம் சரியான இடத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கும் முடி உலகத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. புழுவெட்டு. பெயரில்தான் புழு. உண்மையில் நம் நோய் எதிர்ப்புச் சக்தியே வேர்க்கால்களைத் தாக்குவதால் வட்டவட்டமாக முடி கொட்டும் நோய் அது. சிலருக்குப் புருவம், இமை முடிகூட மிஞ்சாது. 2022 ஆஸ்கர் மேடையில் வில் ஸ்மித் அறைந்த அறை ஞாபகம் இருக்கிறதா? அவர் மனைவி ஜேடா பிங்கெட் ஸ்மித்துக்கு முடி கொட்டும் பிரச்னை இருந்தது. அவருடைய மொட்டைத்தலையைப் பற்றிய ஜோக்குக்குத்தான் அந்த அறை.

அமெரிக்காவில் இந்த நோயாளிகளைப் பற்றி ஒரு தேசியப் பதிவேடு உருவானது. அதற்கு அரசு ஆராய்ச்சிப் பணம் கிடைத்தது. கொலம்பியா பல்கலைக்கழக மரபியல் விஞ்ஞானி ஏஞ்சலா கிறிஸ்டியானோ, தனக்கே புழுவெட்டு வந்தவர், அந்தப் பதிவேட்டிலிருந்த 1,054 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார். முடக்குவாதம், முதல் வகை சர்க்கரை நோய் ஆகியவற்றோடு தொடர்புள்ள மரபணுப் பகுதிகளே இதிலும் தென்பட்டன. அப்படியானால் முடக்குவாத மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாமே?

கொடுத்தார்கள். பாரிசிட்டினிப் என்ற முடக்குவாத மாத்திரைக்கு 2022 ஜூனில் கடுமையான புழுவெட்டுக்கான அனுமதி கிடைத்தது. கோவிட் இரண்டாம் அலையில் நம் ஊர் மருத்துவமனைகளில் கேட்ட அதே பெயர்தான். சோதனையில் அதிக அளவு மாத்திரை சாப்பிட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, 36 வாரத்தில் தலையின் 80 சதவிகிதத்துக்கு மேல் முடி வந்தது. 2023-ல் ரிட்லெசிட்டினிப், 2024 ஜூலையில் டியூருக்சோலிட்டினிப் வந்தன. இந்தக் கடைசி மருந்து மும்பையின் சன் ஃபார்மாவுடையது. கான்சர்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தை 57 கோடி டாலருக்கு மேல் கொடுத்து 2023-ல் வாங்கியபோது கூடவே வந்த மருந்து. காப்புரிமை வழக்கில் சிக்கி, ஒரு வருடம் தாமதமாக 2025-ல் கடைக்கு வந்தது.

இந்த மாத்திரைகளும் எளிமையானவை அல்ல. தொற்று, ரத்தம் உறைதல் பற்றிய கடுமையான எச்சரிக்கையோடு வருபவை. நிறுத்தினால் பலருக்கு மறுபடி கொட்டும். இருந்தாலும், கையில் ஒன்றுமே இல்லாத நோய்க்கு இரண்டே வருடத்தில் மூன்று மருந்துகள்! பரம்பரை வழுக்கைக்கு அப்படிப் பதிவேடு கேட்டு நின்றவர்கள் யார்? நாம் கேட்டதெல்லாம் தள்ளுபடி கூப்பன்தான்.

முடிக்கு வோட்டு

கேட்டவர்கள் தென்கொரியர்கள். 2022 ஜனவரியில் அதிபர் தேர்தலில் நின்ற லீ ஜே-மியுங், முடி உதிர்வு சிகிச்சையை அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர்ப்பேன் என்றார். இணையமே அதிர்ந்தது. வழுக்கைக்காரர்கள் கொண்டாடினார்கள், எதிர்த்தரப்பு ஓட்டுக்காகச் செய்யும் ஜாலம் என்றது. அந்தத் தேர்தலில் மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றார். 2025 ஜூனில் ஜெயித்து அதிபரானார். அந்த வருடக் கடைசியில், இது இன்றைய இளைஞர்களுக்கு வாழ்வாதாரப் பிரச்னை, பரிசீலியுங்கள் என்று சுகாதார அமைச்சகத்திடம் சொன்னார். அங்கே வேலை விண்ணப்பத்தில் போட்டோ, கல்யாணப் பேச்சில் தோற்றம் எல்லாம் கணக்கில் வருகிறது. கல்யாணப் பேச்சு என்றதும் நமக்கும் புரியும்தானே?

அந்த நாட்டு மருத்துவர் சங்கம் எதிர்த்தது. காப்பீட்டுப் பணத்தை முதலில் புற்றுநோய் போன்ற உயிர்போகும் நோய்களுக்குக் கொடுங்கள் என்றது. எனக்கு என்னவோ மருத்துவர்கள் பக்கமே நியாயம் அதிகம் படுகிறது. பழைய மாத்திரையை இலவசமாகக் கொடுப்பதால் புதிய மருந்து வந்துவிடாது. அதே பணத்தில் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்குத் திருப்பினால் அது வேறு கதை.

இப்போது வரும் பணம்

இந்தக் கதையில் அண்மையில்தான் ஒரு திருப்பம். அமெரிக்காவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் பிறந்த பெலாஜ் என்ற சிறு நிறுவனம், தூங்கிக்கொண்டிருக்கும் முடி ஸ்டெம் செல்களை எழுப்பும் பி.பி.405 என்ற பூச்சு மருந்தைச் சோதித்துவருகிறது. பிரஷர், புராஸ்டேட் வழியாக வராமல் முடி வேரிலிருந்தே தேடத் தொடங்கிய மருந்து. கூகுளின் முதலீட்டுப் பிரிவு முதலிலேயே பணம் போட்டது. 2025 அக்டோபரில் 12 கோடி டாலர் புதிதாகத் திரண்டது. 78 பேரிடம் நடந்த சோதனையில், வழுக்கை அதிகமுள்ள ஆண்களில் 31 சதவிகிதம் பேருக்கு எட்டு வாரத்தில் முடி அடர்த்தி 20 சதவிகிதத்துக்கு மேல் கூடியதாகவும், டம்மி மருந்தில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை என்றும் நிறுவனம் சொல்கிறது. நல்ல அறிகுறி. ஆனால் 78 பேர், எட்டு வாரம்.

இன்னொன்று அயர்லாந்தின் காஸ்மோ நிறுவனத்துடைய கிளாஸ்கோடெரோன். முகப்பரு க்ரீமாக 2020-ல் அனுமதி பெற்ற அதே பொருளின் வீரியம் கூடிய கரைசல், வேர்க்காலிலேயே டி.ஹெச்.டி.யைத் தடுக்கிறது. 1,465 ஆண்களிடம் நடந்த கடைசிக் கட்ட சோதனைகளின் முடிவு 2025 டிசம்பரில் வந்தபோது ‘539 சதவிகிதம் முன்னேற்றம்’ என்று தலைப்புகள் பறந்தன. கவனம்! அது டம்மி மருந்தோடு ஒப்பிட்ட விகிதம். டம்மி தடவியவருக்கு 1 முடியும், மருந்து தடவியவருக்கு 6 முடியும் கூடியிருந்தால்கூட அதை 500 சதவிகிதம் என்று எழுதலாம். இன்னொரு சோதனையில் அதே கணக்கு 168 சதவிகிதம்தான். மருந்து வேலை செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. தலை ஐந்து மடங்கு அடர்த்தியாகிவிடும் என்று யாரும் கனவு காண வேண்டாம் என்கிறேன்.

ஒதுக்கிய ஐந்தும் மிஞ்சிய ஒன்றும்

என் கிட்டுக்கு வருகிறேன். பயோட்டின் கம்மியை மருத்துவர் ஒதுக்கியதற்குக் காரணம் இருந்தது. பயோட்டின் குறைபாடு அரிது. அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு, மாரடைப்புக்கான ட்ரோபோனின் உள்ளிட்ட சில ரத்தப் பரிசோதனைகளில் தவறான முடிவு வரலாம் என்று எஃப்.டி.ஏ. 2017-லேயே எச்சரித்திருக்கிறது. பரிசோதனைக்குப் போகிறவர்கள் இதைச் சாப்பிடுவதை லேபிலும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். முடி கொட்டும் பெண்களுக்கு இரும்புச்சத்து, தைராய்டு பார்ப்பது கம்மியைவிட உருப்படியான செலவு என்றார்.

மினாக்ஸிடில் தடவினால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். 2019-ல் ஸ்பெயினில் வயிற்று மருந்தில் தவறுதலாக மினாக்ஸிடில் கலந்துபோய், குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்த கதை உண்டு. பூனைகளுக்கு இது விஷம். தலையணையில் பூனையைப் படுக்கவிடுகிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

முடி நடும் யோசனையில் இருப்பவர்களுக்கு ஒன்று. 2016-ல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவரே முடி நட்டுக்கொள்ளப் போய் உயிரிழந்தார். இதை மருத்துவர்கள்தான் செய்ய வேண்டும், யூடியூப் பார்த்தோ ஒருநாள் பயிலரங்கிலோ கற்றுக்கொண்டு செய்யக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் தெளிவாகவே எழுதிவிட்டது. கத்தியைப் பிடிக்கப்போவது யார் என்று கேளுங்கள், விலையை அப்புறம் கேட்கலாம்.

தடவ ஆரம்பித்த ஆறாவது வாரத்தில் எனக்கு முன்பைவிட அதிகமாகக் கொட்டியது. பயந்துபோய் மருத்துவருக்கு போன் செய்தேன். பழைய முடி விழுந்துதான் புதிது வரும், தொடரவும் என்றார். நான்காவது மாதம் சலூனில் அந்தச் சின்னக் கண்ணாடியை நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன். ட்யூப்லைட் வெளிச்சம் இன்னும் தோலில் படுகிறது, முன்புபோலப் பளிச்சென்று இல்லை. நிறுத்தினால் வந்தது போய்விடும் என்பதால் தொடர்ந்து தடவ வேண்டும்.

இரண்டாவது மாதக் கிட்டை நான் வாங்கவில்லை. ஆப் தினமும் ‘உங்கள் முடி உங்களுக்காகக் காத்திருக்கிறது’ என்று நோட்டிஃபிகேஷன் அனுப்பிக்கொண்டிருக்கிறது. மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டி, தெருமுனை மருந்துக்கடையில் பாட்டிலை மட்டும் வாங்கிக்கொள்கிறேன். சில நூறு ரூபாய்தான் ஆகிறது. அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளி என்று மட்டும் சொன்னார்.